ரெப்போ இல்லை என்றால் நம்பாதீர்கள்

கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் ப்ரோக்ராம் கிட், அதன் ரெப்போக்களை (ரெப்பாசிட்டரி, ஒரு ப்ராஜெக்ட்டின் கோடும் வரலாறும் இருக்கும் கிடங்கு) வைத்துக்கொள்ளும் தளம் கிட்ஹப். கிட்ஹப்பிலிருந்து ‘ரெப்பாசிட்டரி நாட் ஃபவுண்ட்’ என்று எரர் வந்தால் ரெப்போவைத் தேடிக்கொண்டு கிளம்பாதீர்கள். அநேகமாக அது அங்கேயேதான் இருக்கும். பிரவுசரில் அதே முகவரியைப் போட்டால் ஜம்மென்று திறக்கும், டெர்மினலிலோ எடிட்டரிலோ க்ளோன் செய்ய, அதாவது நம் மெஷினுக்கு நகல் எடுக்க, போனால் மட்டும் இல்லவே இல்லை என்று சாதிக்கும். டீமில் புதிதாகச் சேர்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் அரை நாளைத் தொலைக்கிறார்கள். முகவரியில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கடைசியில் இருக்கும் டாட் கிட்டை எடுத்துப் பார்ப்பார்கள், சேர்த்துப் பார்ப்பார்கள், அப்புறம் எடிட்டரையே அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ‘இல்லை’ என்று சொன்னால் எங்கே இருக்கிறது என்றுதானே யாரும் தேடுவார்கள்.

இது கோளாறு இல்லை, தெரிந்தே செய்திருக்கிறார்கள். ப்ரைவேட் ரெப்போ ஒன்றை அனுமதி இல்லாத ஒருவர் கேட்டால் ‘403, உனக்கு அனுமதி கிடையாது’ என்று சொல்லாமல் ‘404, அப்படி ஒன்றே இல்லை’ என்று கிட்ஹப் பதில் சொல்லும், தங்கள் டாக்குமென்டேஷனிலேயே இதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். காரணம் நியாயமானதுதான். 403 என்று சொன்னால் ரெப்போ இருப்பது உறுதியாகிவிடும், ஒரு கம்பெனியின் பெயருக்குப் பின்னால் ஏதேதோ பெயர்களைப் போட்டுப் பார்த்தே அவர்கள் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று வெளியாள் கண்டுபிடித்துவிடலாம். எனவே இந்த ‘இல்லை’யை ‘இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்குச் சொல்வதற்கில்லை’ என்று படிக்க வேண்டும். அப்படிப் படித்தவுடன் கேள்வியே மாறிவிடுகிறது. ரெப்போ எங்கே என்பதை விட்டுவிட்டு, சர்வர் என்னை யார் என்று நினைக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த வகை எரர்களில் நான் பார்த்தவரை முக்கால்வாசி இந்த ஒரு கேள்வியில் முடிந்துவிடும்.

ரெப்போவை அடைய ஹெச்டிடிபிஎஸ், எஸ்எஸ்ஹெச் என்று இரண்டு வழிகள். ஹெச்டிடிபிஎஸ், அதாவது சாதாரண வெப் முகவரி, வழியாகப் போகிறவர்களுக்கு கதை இப்படி நடக்கிறது. விண்டோஸில் க்ரெடென்ஷியல் மேனேஜர், மேக்கில் கீசெயின், இரண்டுமே ஒருமுறை கொடுத்த டோக்கனை (பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கொடுக்கும் ரகசியக் குறியீடு) பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால் கிட் அதை வழக்கமாக சர்வரின் பெயரை வைத்துத்தான் தேடும், எந்த ரெப்போவுக்கு என்று பார்க்காது. என்றைக்கோ உங்கள் சொந்த அக்கவுன்டில் ஒரு ரெப்போவை க்ளோன் செய்திருப்பீர்கள், அந்த டோக்கன் உட்கார்ந்திருக்கும், இன்றைக்கு ஆபீஸ் ரெப்போவைக் கேட்கும்போது கிட் எதுவும் கேட்காமல் அதையே எடுத்து நீட்டிவிடும். டோக்கன் செல்லுபடியாகும் என்பதால் லாகின் தோல்வி என்று எதுவும் வராது. நேராக ‘நாட் ஃபவுண்ட்’தான். பிரவுசரில் நீங்கள் ஆபீஸ் அக்கவுன்டில் இருப்பதால் அங்கே திறக்கிறது. முகவரியில் கிட்ஹப் டாட் காமுக்கு முன்னால் உங்கள் யூசர் நேமையும் ஒரு அட் குறியையும் சேர்த்தால் அந்தப் பெயருக்கான டோக்கனைத் தேடும். ‘க்ரெடென்ஷியல்.யூஸ்ஹெச்டிடிபிபாத்’ செட்டிங்கை ட்ரூ ஆக்கினால் முழு முகவரியையும் சேர்த்துப் பார்க்கும். இரண்டு அக்கவுன்ட் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஏதாவது ஒன்று கட்டாயம்.

இரண்டாவது வழியான எஸ்எஸ்ஹெச்சில் இன்னும் வேடிக்கை. அங்கே எல்லோருக்கும் யூசர் நேம் ஒன்றுதான், ‘கிட்’. உங்களை அடையாளம் காட்டுவது உங்கள் மெஷினில் இருக்கும் கீ என்ற ரகசிய ஃபைல் மட்டுமே. கீகளை எடுத்து வைத்துக்கொள்ளும் ஏஜென்ட் என்ற ப்ரோக்ராமில் சொந்தக் கீ, ஆபீஸ் கீ என்று இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாக நீட்டும், முதலில் நீட்டியது கிட்ஹப்புக்குத் தெரிந்த கீயாக இருந்தால் சரி, உள்ளே வா என்று கதவைத் திறந்துவிடும். இரண்டாவது கீயை நீட்ட வாய்ப்பே இல்லை. நீங்கள் சொந்த அக்கவுன்டாக உள்ளே போய் ஆபீஸ் ரெப்போவைக் கேட்டு ‘நாட் ஃபவுண்ட்’ வாங்கிக்கொண்டு வருவீர்கள். இதைப் பார்க்க ‘எஸ்எஸ்ஹெச் -டி கிட்@கிட்ஹப்.காம்’ என்று (டி பெரிய எழுத்தில்) அடித்தால் போதும். ஹாய் என்று உங்கள் பெயரைச் சொல்லி, நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள், ஆனால் ஷெல் (கமாண்ட் அடிக்கும் இடம்) தர மாட்டோம் என்று ஒரு வரி வரும். அந்த ‘ஆனால்’ஐப் பார்த்து இதையும் எரர் என்று நினைப்பவர்கள் உண்டு, போதாததற்கு எக்ஸிட் கோடும் வழக்கமாகத் தோல்வியைக் குறிக்கும் 1 ஆக வரும். பார்க்க வேண்டியது ஹாய்க்குப் பின்னால் என்ன பெயர் இருக்கிறது என்பதை மட்டும்தான். ஆள் பெயருக்குப் பதிலாக ஏதோ ஒரு ரெப்போவின் பெயர் வந்தால் அது டிப்ளாய் கீ, அந்த ஒரு ரெப்போவைத் தவிர வேறெதையும் திறக்காது. எஸ்எஸ்ஹெச்சின் கான்ஃபிக் ஃபைலில் ஐடென்டிட்டிஃபைல் எழுதி கீயைப் பிரித்து வைப்பவர்கள் கூடவே ‘ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்’ என்றும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஏஜென்ட்டில் இருக்கும் மற்ற கீகளும் வரிசையில் நுழைந்துவிடும்.

பாதுகாப்புக் காரணத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘நீங்கள் இன்னாராக வந்திருக்கிறீர்கள், நீங்கள் கேட்டது கிடைக்கவில்லை’ என்று சொல்வதில் என்ன ரகசியம் கசிந்துவிடும்? என் பெயரை எனக்கே சொல்வதுதானே. படிக்க அனுமதி இருந்து எழுத அனுமதி இல்லாத ரெப்போவில் புஷ் செய்தால் (நம் மாற்றங்களை அனுப்பினால்) இன்ன ரெப்போவுக்கான அனுமதி இன்னாருக்கு மறுக்கப்பட்டது என்று பெயரோடு வருகிறது, அந்த ஒரு எரரை வைத்தே எத்தனையோ பேர் தப்பான அக்கவுன்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கிட்ஹப் மாதிரியே ரெப்போ வைக்கும் அஷ்யூர் டெவ்ஆப்ஸில் டிஎஃப்401019 என்று ஒரு எரர் வரும், அந்தப் பெயரில் ரெப்போ இல்லை அல்லது உங்களுக்கு அனுமதி இல்லை என்று இரண்டையும் சொல்லும். ரகசியமும் காப்பாற்றப்படுகிறது, படிப்பவருக்கும் இரண்டாவதாகப் பார்க்க ஒரு இடம் கிடைக்கிறது. ஒரே ஒரு ‘அல்லது’ போதும்.

இதே அடையாளச் சண்டை கோடைச் சேமிக்க மைக்ரோசாஃப்ட் கொடுத்த பழைய டீம் ஃபவுண்டேஷன் சர்வர் காலத்திலும் இருந்தது. அங்கே வொர்க்ஸ்பேஸ் என்பது சர்வரில் பதிவாகியிருக்கும் ஒரு விஷயம், ஒரு ஆளுக்கும் ஒரு கம்ப்யூட்டர் பெயருக்கும் சேர்த்து எழுதப்பட்டது. வேலையை விட்டுப் போனவரின் மெஷினை உங்களுக்குக் கொடுப்பார்கள், காலி ஃபோல்டரை சர்வரில் இருக்கும் கோடோடு மேப் செய்யப் போனால் இந்தப் பாதை ஏற்கெனவே வேறொரு வொர்க்ஸ்பேஸில் மேப் ஆகியிருக்கிறது என்று வரும். விஷுவல் ஸ்டூடியோவில் வொர்க்ஸ்பேஸ் பட்டியலைத் திறந்தால் அங்கே அப்படி எதுவும் இருக்காது, ஏனென்றால் அது உங்களுடையதை மட்டும்தான் காட்டும். ‘டிஎஃப் வொர்க்ஸ்பேஸஸ்’ கமாண்டில் எல்லா ஓனரையும் கேட்டால்தான் பழையவரின் பெயர் தலைகாட்டும், அதை அட்மின் அழித்துத் தர வேண்டும். இங்கே எரர் உண்மையைத்தான் சொல்கிறது, திரையில் மட்டும் அதற்கான சாட்சி இருக்காது.

சரி, அடுத்தது. ‘குட் நாட் ரீட் ஃப்ரம் ரிமோட் ரெப்பாசிட்டரி’, அதற்குக் கீழே சரியான அனுமதி இருக்கிறதா, ரெப்போ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு அறிவுரை. கிட் உலகத்திலேயே அதிகமானோரைத் தப்பான பக்கம் அனுப்பிய வரி இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். இதை எழுதுவது யார் என்று தெரிந்தால் ஏன் என்று புரியும். எஸ்எஸ்ஹெச் ரிமோட் என்றால் கிட் நேராக நெட்வொர்க்கில் பேசாது, எஸ்எஸ்ஹெச் என்ற வேறொரு ப்ரோக்ராமைக் கூப்பிட்டு அதன் வழியாகப் பேசும். அந்த ப்ரோக்ராம் எந்தக் காரணத்தால் செத்தாலும் கிட்டுக்குத் தெரிவது ஒன்றுதான், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பைட் கூட வரவில்லை. கடைக்கு அனுப்பிய பையன் வெறுங்கையோடு திரும்பினால் கடை பூட்டியிருக்கும், இல்லையென்றால் சரக்கு தீர்ந்திருக்கும் என்று வீட்டில் இருப்பவர் சொல்வது மாதிரி இரண்டு ஊகங்களை எழுதிவிட்டு கிட் ஒதுங்கிக்கொள்கிறது. டிஎன்எஸ் வேலை செய்யாமல் கிட்ஹப் என்ற பெயரையே கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் இதே அறிவுரைதான். எஸ்எஸ்ஹெச் போகும் 22ஆம் போர்ட்டை ஆபீஸ் ஃபயர்வால் அடைத்திருந்தாலும் இதேதான்.

உண்மையான காரணம் இதற்கு மேலே ஒரு வரியில் இருக்கும். ஹோஸ்ட்நேமைக் கண்டுபிடிக்க முடியவில்லை, கனெக்‌ஷன் டைம்டு அவுட், பெர்மிஷன் டினைடு பப்ளிக்கீ, ஏதோ ஒன்று. அதை எழுதியது எஸ்எஸ்ஹெச், நேரில் போய் வந்தது அதுதான். டெர்மினலில் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் கண்ணில் படும். எடிட்டரில் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் பெட்டியில் ஒரு வரிக்கு மேல் இடம் இல்லை, எந்த வரி வரும் என்பது அதிர்ஷ்டம். விஎஸ் கோட் எடிட்டரில் அந்தப் பெட்டியிலேயே ‘ஓப்பன் கிட் லாக்’ என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்குங்கள், அல்லது அவுட்புட் பேனலில் கிட்டைத் தேர்ந்தெடுங்கள். யாராவது எனக்கு அந்தச் சின்னப் பெட்டியின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பினால் நான் பதில் சொல்வதே இல்லை, முழு லாகையும் கேட்பேன். கொஞ்சம் திமிராகத் தெரியலாம், இருக்கட்டும். போர்ட் 22 அடைபட்டிருந்தால் ‘எஸ்எஸ்ஹெச்.கிட்ஹப்.காம்’ என்ற முகவரியில் 443 வழியாகப் போகலாம், ஃபயர்வால் ஆட்களிடம் டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

டெர்மினலில் வேலை செய்கிறது, எடிட்டரில் செய்யவில்லை என்று ஒரு புகார் வாரா வாரம் வரும். விண்டோஸில் இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம். மெஷினில் இரண்டு எஸ்எஸ்ஹெச் இருக்கும், விண்டோஸ் கூடவே வரும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் ஒன்று, கிட் ஃபார் விண்டோஸ் தன் மூட்டைக்குள் கொண்டுவருவது இன்னொன்று. பவர்ஷெல்லில் கீயைச் சேர்த்தால் அது முதலாவதின் ஏஜென்ட்டுக்குப் போகும், டெஸ்ட் செய்தால் ஹாய் என்றும் வரும், ஆனால் கிட் கூப்பிடுவது இரண்டாவதை, அதற்கு அந்த ஏஜென்ட் இருப்பதே தெரியாது. ‘பெர்மிஷன் டினைடு’ என்று வரும், நீங்கள் புதுக் கீ உருவாக்குவீர்கள், கிட்ஹப்பில் ஏற்றுவீர்கள், மறுபடியும் அதேதான். ‘கோர்.எஸ்எஸ்ஹெச்கமாண்ட்’ செட்டிங்கில் விண்டோஸின் எஸ்எஸ்ஹெச் இருக்கும் இடத்தைக் காட்டினால் முடிந்தது. லினக்ஸில் சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற அட்மின் ஆளாக, கிட் ஓட்டுபவர்களுக்கும் இதே வியாதி, ரூட்டின் ஹோம் ஃபோல்டரில் உங்கள் கீ எப்படி இருக்கும்?

கீ சரியாக இருந்தும் டினைடு வந்த ஒரு காலமும் உண்டு. 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.8, எஸ்ஹெச்ஏ-1 என்ற பழைய முறையை வைத்து ஆர்எஸ்ஏ வகைக் கீ போடும் கையெழுத்தை டீஃபால்ட்டாக நிறுத்திவிட்டது. கீ அதே, சர்வர் அதே, நேற்று வரை வேலை செய்தது, லேப்டாப்பை அப்டேட் செய்ததும் பழைய சர்வர்கள் எல்லாம் கதவைச் சாத்தின. எஸ்எஸ்ஹெச்சை ‘-வி’ போட்டு ஓட்டினால்தான் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கையெழுத்து முறை இல்லை என்ற உண்மை வெளியே வரும்.

பாஸ்வேர்ட் விஷயத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப்பில் கிட்டுக்குப் பாஸ்வேர்ட் செல்லாது, டோக்கன் வேண்டும். ஆனால் டெர்மினலில் கிட் இன்றும் ‘பாஸ்வேர்ட்’ என்றுதான் கேட்கும், சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தால் ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு. அங்கே டோக்கனைத்தான் ஒட்ட வேண்டும்.

எனக்குப் பிடித்த எரர் ஒன்று இருக்கிறது, சொந்த சர்வரில் கிட் வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். ‘ப்ரோட்டோகால் எரர்: பேட் லைன் லெங்த் கேரக்டர்: வெல்க்’. வெல்க்கா, அது என்ன? கிட்டின் பேச்சில் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம் நான்கு எழுத்துகளில் ஹெக்ஸ் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட) எண்ணாக வரும். யாரோ ஒரு புண்ணியவான் சர்வரில் ஷெல் தொடங்கும்போது ஓடும் பாஷ்ஆர்சி ஃபைலில் உள்ளே வருபவர்களை வரவேற்க ‘வெல்கம்’ என்று ஒரு எக்கோ போட்டு வைத்திருப்பார். கிட் அந்த வரவேற்பின் முதல் நான்கு ஆங்கில எழுத்தை நீளம் என்று நினைத்துப் படித்துவிட்டு முழிக்கிறது. வார்த்தைகளைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது, ஆனால் நடந்ததை அப்படியே காட்டுகிறது பாருங்கள், ‘அனுமதி இருக்கிறதா பாருங்கள்’ என்று அது ஊகிக்கவில்லை. ஹோட்டல் வைஃபையில் லாகின் பக்கம் குறுக்கே வந்து நிற்கும்போது வரும் ‘இன்ஃபோ ரெஃப்ஸ் நாட் வேலிட், இது கிட் ரெப்போதானா’ என்பதும் ஏறக்குறைய இதே கதைதான், கிட் கேட்டது ஒன்று, வந்தது ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம்.

இன்னொரு பெரிய குழப்பம் 2022 ஏப்ரல் 12 அன்று தொடங்கியது. சிவிஇ-2022-24765 என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க கிட் 2.35.2 வந்தது. பலர் பயன்படுத்தும் மெஷினில் ஒருவர் சி ட்ரைவின் தலையிலேயே ஒரு டாட் கிட் ஃபோல்டரை (ரெப்போவின் விவரங்கள் எல்லாம் இருக்கும் ஃபோல்டர்) வைத்து அதன் கான்ஃபிக்கில் ஒரு கமாண்டை எழுதிவிட்டால், கீழே எங்கேயாவது நிற்கும் இன்னொருவரின் கிட் அதைத் தன் ரெப்போ என்று நினைத்து ஓட்டிவிடும், கட்டளை வரியில் ப்ராஞ்ச் பெயரைக் காட்டும் ஷெல்லே போதும். எனவே இனிமேல் ஃபோல்டரின் சொந்தக்காரர் வேறு ஆளாக இருந்தால் கிட் தொடாது. நல்ல விஷயம். ஆனால் டாக்கர் கன்டெய்னர் (ப்ரோக்ராமைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி), டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்), எக்ஸ்டர்னல் டிஸ்க் என்று சொந்தக்காரர் மாறி நிற்கும் இடங்கள் எத்தனை! டெர்மினலில் ‘அன்சேஃப் ரெப்பாசிட்டரி’ என்றும், பிறகு வந்த பதிப்புகளில் ‘டூபியஸ் ஓனர்ஷிப்’ என்றும் வந்ததாவது பரவாயில்லை, என்ன கமாண்ட் அடிக்க வேண்டும் என்றும் சொல்லும். அன்றைய விஎஸ் கோடில் இந்த ஃபோல்டரில் கிட் ரெப்போ இல்லை, இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று ஒரு நீலப் பட்டன்தான் வந்தது. வருஷக்கணக்கான கமிட்டுகள் (பதிவு செய்த மாற்றங்கள்) உள்ளே இருக்க, புதிதாக ஆரம்பிக்கலாமா என்று கேட்டால் யாருக்குத்தான் வயிறு கலங்காது. பிறகு அவர்களே பாதுகாப்பற்றதாக இருக்கலாம் என்று தனியாகச் சொல்லும்படி மாற்றினார்கள். இதற்குத் தீர்வாக, எல்லா ஃபோல்டரையும் நம்பு என்று ‘சேஃப்.டைரக்டரி’ செட்டிங்கில் ஒரு நட்சத்திரத்தைப் போடச் சொல்பவர்களை நம்ப வேண்டாம், தூக்கி எறியும் கன்டெய்னருக்குள் சரி, உங்கள் லேப்டாப்பில் அந்தந்த ஃபோல்டரை மட்டும் சேருங்கள்.

‘நாட் எ கிட் ரெப்பாசிட்டரி’ என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, கரன்ட் போகும் ஊர்களில் அடிக்கடி நடக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் டாட் கிட்டுக்குள் இருக்கும், எந்த ப்ராஞ்சில் நிற்கிறோம் என்று சொல்லும் ஹெட் ஃபைல் காலியாகிவிடலாம், ஃபோல்டர் முழுசாகக் கண்ணெதிரே இருந்தாலும் கிட் அதை ரெப்போவாகவே ஏற்காது. ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி க்ளோன் செய்தால் புஷ் செய்யாத வேலை எல்லாம் போச்சு. முதலில் அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள், ‘ரெஃப்: ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின்’ என்று ஒரு வரி, உங்கள் ப்ராஞ்ச் பெயரோடு, இருக்க வேண்டும்.

தப்பான எரரை விட அதற்கு நெட்டில் கிடைக்கும் மருந்து மோசம். பெரிய புஷ் பாதியில் அறுந்தால் ‘ஹெச்டிடிபி.போஸ்ட்பஃபர்’ செட்டிங்கை 500 எம்பி ஆக்கு என்பார்கள், பொதுவாக இது உதவாது, மெமரியைத்தான் தின்னும் என்று கிட்டின் சொந்த டாக்குமென்டேஷனே சொல்கிறது. சர்ட்டிஃபிகேட் எரர் வந்தால் எஸ்எஸ்எல் சரிபார்ப்பையே அணைத்துவிடு என்பார்கள். ஆபீஸ் ப்ராக்ஸி நடுவில் உட்கார்ந்து தன் சர்ட்டிஃபிகேட்டைக் காட்டுகிறது, கிட்டுக்கு அதைத் தெரியவில்லை, அவ்வளவுதான். விண்டோஸில் ‘ஹெச்டிடிபி.எஸ்எஸ்எல்பேக்எண்ட்’ செட்டிங்கை எஸ்சேனல் (விண்டோஸின் சொந்த முறை) என்று மாற்றினால் விண்டோஸ் நம்பும் சர்ட்டிஃபிகேட்டுகளை கிட்டும் நம்பும்.

இப்படி ஒவ்வொரு சிவப்பு வரியையும் தாண்டிக் குதித்தே பழகினால் என்ன ஆகும் என்பதை 2023 மார்ச் 24, வெள்ளிக்கிழமை பார்த்தோம். நம்மூர் நேரம் காலை பத்தரை வாக்கில் கிட்ஹப் தன் சர்வரை அடையாளம் காட்டும் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீயை மாற்றியது, அதன் ப்ரைவேட் கீ ஒரு பப்ளிக் ரெப்போவில் கொஞ்ச நேரம் வெளியே தெரிந்துவிட்டது என்று அவர்களே அறிவித்தார்கள். ஆபீஸ்களில் சரியாக எல்லோரும் உட்காரும் நேரம். ஹோஸ்டின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ விஷமம் செய்யலாம், ஒட்டுக்கேட்கலாம் என்று எஸ்எஸ்ஹெச் பெரிய எழுத்தில் கத்தியது. நடுவில் யாராவது உட்கார்ந்திருந்தாலும் வரப்போவது இதே எச்சரிக்கைதான், எனவே புதுக் கீயின் ஃபிங்கர்பிரின்ட்டை (கீயின் சுருக்க அடையாளம்) கிட்ஹப் வெளியிட்டதோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பழையதை நீக்க வேண்டும். எங்கள் க்ரூப்பில் பழையதை நீக்கும் கமாண்ட் ஐந்து நிமிஷத்தில் ஃபார்வர்ட் ஆகி வந்தது, எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள், ஃபிங்கர்பிரின்ட் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. சிலர் பில்ட் ஸ்கிரிப்டில், ஹோஸ்ட் கீயைச் சரிபார்த்து நிறுத்தாதே என்று சொல்லும் ‘ஸ்ட்ரிக்ட்ஹோஸ்ட்கீசெக்கிங் நோ’ என்று ஒரு வரியைச் சேர்த்துப் பிரச்சினையை ஒரேயடியாக முடித்துக்கொண்டார்கள். அந்த வரியை நான் பிறகும் ஸ்கிரிப்டுகளில் பார்த்திருக்கிறேன். உங்களுடையதில் இருந்தால் எடுத்துவிட்டு, கிட்ஹப் வெளியிட்டிருக்கும் கீகளை ‘நோன் ஹோஸ்ட்ஸ்’ ஃபைலில் போட்டுவிடுங்கள், மூன்று வரிதான்.